பாத்திமேட்டின் நூறு விழுக்காடு

‘சோம்பேறித்தனம்னு சொல்லிடலாமா? அது ஒண்ணுதான் இவருக்கு உடனே புரியும். இல்ல, பொண்ணுக்கு வலிப்புன்னு? ஐயோ வேணாம், சொன்ன வாய் பலிச்சிடப் போவுது. உண்மையச் சொல்லிடலாம். ஆனா உண்மை இன்னான்னு எனக்கே சரியாத் தெரியலியே.’

பூங்குழலி இப்படி யோசித்துக்கொண்டிருக்க, எதிரே தலைமையாசிரியர் ஆதிமூலம் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஆறு மாதத்துக்கு முன் சுனாமி நிவாரணத்தில் வந்தது. குடம், பாய், போர்வை எல்லாம் அப்படி வந்தவைதான். பள்ளிக்கூடப் பை மட்டும் ஏழு வந்திருந்தது. பள்ளிக்கூடம் போகாத இரண்டு பிள்ளைகளுக்கு ஏழு பை. ஒன்றில் வெங்காயம் இருந்தது, ஒன்றில் கருவாடு. இன்னொன்றில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

“காரணம் சொல்லும்மா,” என்றார் ஆதிமூலம். “உன் ரெண்டு புள்ளைங்களும் ஏன் ஸ்கூலுக்கு வர்றது இல்ல? இந்த ஃபாரத்துல பதினாறு காரணம் குடுத்திருக்காங்க. ஒண்ணுல டிக் போட்டுட்டு நான் பாட்டுக்குப் போறேன்.”

“வூட்டுல நானே பாத்துக்கறேன் சார்.”

அவர் படிவத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறங்கினார். “‘வீட்டில் இளைய குழந்தையைப் பார்த்துக்கொள்ளுதல்’னு ஒண்ணு இருக்குது. ஆனா அது புள்ள பாத்துக்கறது. நீ பாத்துக்கறதுக்கு எடம் இல்ல. வறுமை?”

“கஷ்டம்தான் சார். ஆனா அதனால இல்ல.”

“தூரம்?”

பள்ளிக்கூடம் அவர்கள் வாசலிலிருந்தே தெரிந்தது. அங்கே மணி அடித்தால் இங்கே கோழி எழுந்து நிற்கும். ஆதிமூலமே வெட்கப்பட்டு அடுத்ததற்குப் போனார்.

“சுனாமி? புதுசாச் சேத்திருக்காங்க. இப்ப இதுக்குத்தான் மதிப்பு.”

“அதுக்கு ஒண்ணேகால் வருஷம் முன்னாடியே பெரியவ நின்னுட்டாளே சார்.”

“சரி, ‘குழந்தை இறந்துவிட்டது’...” அவர் கொஞ்சம் தயங்கினார். “இதுல போட்டா வர்ற வருஷம் யாரும் வந்து கேக்க மாட்டாங்க. சும்மா பேப்பருக்குத்தான்.”

பூங்குழலி எழுந்து நின்றுவிட்டாள்.

“உக்காரும்மா, உக்காரு. ஒரு வசதிக்குச் சொன்னேன். நீ வூட்ல வெச்சு ஏரோப்ளேன் ஓட்டக்கூடச் சொல்லிக் குடு, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஃபாரத்துல எடம் இல்லாததை நான் எங்கம்மா எழுதறது?”

அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவருக்குச் சொல்ல முடியாத காரணம் ஒன்று இருந்தது. அதில் அவரும் இருந்தார்.

இரண்டு வருஷத்துக்கு முன் சத்யப்ரியாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாள். மூன்று மாதம் போய்வந்தது குழந்தை. பள்ளிக்கூடத்துக் கழிப்பறை பூட்டியிருந்தது. ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்க்கும்போது சுத்தமாக இருக்க வேண்டும் என்பதால் சாவி ஆதிமூலத்தின் மேஜையில் இருந்தது. சத்யப்ரியா அதற்குத் தானாக ஒரு வழி கண்டுபிடித்தாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. காய்ச்சல் வந்து திண்டிவனத்தில் டாக்டரிடம் காட்டியபோது அவர்தான் கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கினார். ஒரு வாரம் ஓய்வு என்று வீட்டில் நிறுத்தினாள். பத்தாம் நாள் குழந்தை சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, “இன்னிக்கும் குடிக்கலாமாம்மா?” என்று கேட்டது.

அந்த ஒரு வாரம்தான் இன்னும் முடியவில்லை.

இப்போது சத்யப்ரியாவுக்கு எட்டு வயது. பஸ் போர்டு, சிமெண்டு மூட்டை, சுவர் விளம்பரம் என்று பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டினாள். வடை மடித்து வந்த தாளில் செய்தி பாதியில் கிழிந்திருந்தால் மீதியைத் தானே சொல்லி முடித்துவிடுவாள். தம்பி ராஜ்கமலுக்கு ஆறு. அவனுக்குத் தன் பெயரில் உள்ள எழுத்துகள் மட்டும் தெரியும், அவையும் சில நாள் வரிசை மாறி வரும். எந்த வளையில் எந்த நண்டு இருக்கிறது என்று சொல்வான். உப்பளத்தில் அப்பா ஜெயப்பிரகாஷ் தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று பார்க்கும் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டால், கோடு எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு ஓடுவான். அந்த எண்ணை அவனால் சொல்ல முடியாது. ‘இவனை நானே கெடுத்துக்கிட்டு இருக்கேனோ?’ என்று பூங்குழலி அடுப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம் நினைப்பாள். உலை கொதிக்கும்போது அந்த எண்ணம் போய்விடும். மறுநாள் அடுப்புக்கு மறுபடி வரும்.

பிள்ளைகள் நாள் பூராவும் கேட்டார்கள். கடல் அன்றைக்கு ஏன் உள்ளே வந்தது, செத்த மீன் ஏன் கண்ணை மூடுவதில்லை. அவளுக்குப் பாதிக்கு மேல் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னாள். பிள்ளைகள் கேட்டதற்குப் பொய் சொல்வதில்லை என்பது மட்டுமே அவளிடம் இருந்த பாடத்திட்டம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

ஆதிமூலம் கடைசியில் காரணக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டுக் கிளம்பினார். போகும்போது, “பேரை மட்டும் குடுத்துடும்மா. ஆள் வரணும்னு இல்ல. என் ரிஜிஸ்டர்ல அம்பத்தொம்பது பேர் இருக்காங்க, தெனம் வர்றது இருவது பேரு. உன் ரெண்டும் சேந்தா அறுபத்தொண்ணு. நூறு பர்சென்ட் ஆயிடும்,” என்றார்.

“நாளைக்குச் சொல்றேன் சார்,” என்றாள் பூங்குழலி.

அந்த ஒரு நாள்தான் வினையாகப் போயிற்று.

அந்த வருஷம் ‘முழுச் சேர்க்கை இயக்கம்’ என்று ஒன்று நடந்துகொண்டிருந்தது. சுதந்திர தினத்துக்குள் ஒவ்வொரு குடியிருப்பிலும், இங்கே பள்ளி செல்லாக் குழந்தைகள் எவரும் இல்லை என்று ஒரு பலகை நட வேண்டும். பாத்திமேட்டுப் பலகை மார்ச் மாதமே எழுதி முடிந்து, பள்ளிக்கூடத்தில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நட வேண்டியதுதான் பாக்கி.

காலிக் கட்டம் உள்ள படிவம் மேலே போன மறுநாளே இயக்கத்தின் வட்டார ஒருங்கிணைப்பாளர் பக்தவச்சலம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். திட்டப்போகிறார் என்று பூங்குழலி நினைத்தாள். அவர் கைகூப்பினார்.

“உங்களைத்தாம்மா மூணு மாசமாத் தேடிக்கிட்டு இருக்கேன்.”

“எதுக்குங்க?”

“குடியிருப்புக்கு ரெண்டு குழந்தைங்களை மீக்கணும்னு டார்கெட். இந்த ஹெச்செம்முங்க எல்லாம் நூத்துக்கு நூறுன்னு முன்கூட்டியே எழுதிக் குடுத்துட்டாங்க. அப்ப நான் யாரை மீக்கறது? ஒருத்தர்கூடக் கெட்டுப் போவலைன்னா இயக்கம் எதுக்கும்மா? நல்லவேளை, நீங்க இருந்தீங்க.”

சத்யப்ரியாவைக் கூப்பிட்டு, படிக்கத் தெரியுமா என்று கேட்டார். அவள் அவர் கையிலிருந்த கோப்பின் அட்டையை, கொஞ்சம் திக்கி, முழுசாகப் படித்தாள். பக்தவச்சலத்தின் முகம் வாடிவிட்டது.

“படிக்குது. கேஸ் வீக் ஆயிடும். டேய் தம்பி, உனக்கு?”

“எனக்குத் தெரியாதே!” என்றான் ராஜ்கமல் சந்தோஷமாக.

“வெரி குட். அப்பா எங்க வேலை செய்றாரு?”

“உப்பளத்துல.”

அவர் எழுத ஆரம்பித்தார். எட்டிப் பார்த்த பூங்குழலி பதறிப்போனாள். காரணம் பதினொன்று: உப்பள வேலை.

“சார், இவுங்க வேலைக்குப் போறது இல்லீங்க. அப்பாகூடச் சும்மா போய் ஓடியாடிட்டு வருவாங்க, அவ்ளோதான்.”

“போறாங்கன்னு நான் எங்கம்மா சொன்னேன்? மீட்டாச்சுன்னுதான் எழுதறேன். மீட்டப்புறம் வேலைக்குப் போவ மாட்டாங்கதானே?”

“போவ மாட்டாங்க.”

“இப்பவும் போறது இல்லதானே?”

“இல்லீங்க.”

“அப்ப இதுல எது பொய்?”

பூங்குழலி யோசித்தாள். அவர் சொன்னதில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை. படித்தவர்கள் பேசும்போது இப்படித்தான் ஆகிறது, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியபிறகுதான் பதில் வருகிறது.

மீட்புக்கு இரண்டு ஃபோட்டோ வேண்டும். மீட்பதற்கு முன் ஒன்று, பின் ஒன்று. முந்தைய ஃபோட்டோவுக்காக ஜூலையில் ஒரு காலை, பக்தவச்சலம் ஸ்டூடியோக்காரரோடு உப்பளத்துக்கு வந்தார்.

“சார், சார், செருப்புக் காலோட எறங்காதீங்க,” என்று ஜெயப்பிரகாஷ் வரப்பில் ஓடிவந்தான். “இந்தப் பாத்தியில இன்னிக்குத்தான் உப்பு பூக்குது. கால் பட்டா கலங்கிடும், பூரா பாழாப்பூடும். அந்தப் பக்கம் அள்ளின பாத்தி இருக்குது, அங்க நில்லுங்க.”

“அங்க வெளிச்சம் இல்ல,” என்று சொல்லிக்கொண்டே பக்தவச்சலம் இறங்கினார். வெள்ளையாக ஏடு கட்டியிருந்த பாத்தியில் அவர் நடந்த வழியெல்லாம் அடிச்சேறு கிளம்பி, டீத்தண்ணீர் மாதிரி ஆயிற்று. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, “நல்லதாப் போச்சு. கஷ்டம் தெரியுது,” என்றார்.

உப்பு வாரும் பலகையை ராஜ்கமல் கையில் கொடுத்தார்கள். அதன் கம்பு அவனைவிட இரண்டு மடங்கு உயரம். அவன் அதைத் துடுப்பாக நினைத்து வீசினான். தலையில் உப்புக்கூடையோடு வரப்பில் போய்க்கொண்டிருந்த மங்கம்மா நின்றுவிட்டாள்.

“தப்பாப் புடிக்கிறான் சார். அப்பிடி இழுத்தா இடுப்பு வுட்டுடும். இங்க குடுங்க, நான் நிக்கறேன். நாப்பது வருஷமா இதுலதான் நிக்கறேன், என்னை மீட்டுடுங்க.”

“உங்க வயசுக்கு ஃபாரம் இல்லம்மா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நிழல் வுழுது.” பிறகு ராஜ்கமலைப் பார்த்து, “சிரிக்காதடா. நீ குழந்தைத் தொழிலாளி,” என்றார்.

“அப்பிடின்னா?”

“அப்பிடின்னா சிரிக்க மாட்டாங்க.”

அதைக் கேட்டு அவனுக்கு இன்னும் சிரிப்பு வந்தது. பக்தவச்சலம் பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்துக் காட்டினார். அவன் கை நீட்டியதும் அதைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவன் உதடு கோணி, கண் நிறைந்தது. “இப்ப, இப்ப!” என்றார் பக்தவச்சலம். ஸ்டூடியோக்காரர் அழுத்தினார். சத்யப்ரியாவை அழவைக்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. அவள் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதே போதுமாக இருந்தது.

பூங்குழலி வரப்பில் நின்றாள். ‘ஒரு ஃபோட்டோதானே. எடுத்துட்டுப் போனா வுட்டுடுவாங்க’ என்று நினைத்தாள். நினைத்ததைக் கணவனிடமும் சொன்னாள். அவன் கலங்கிய பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராஜ்கமல் மட்டும் அடுத்த நான்கு நாள் பலகையைக் கேட்டு அடம்பிடித்தான். உப்பள வேலை என்று ஒன்று இருப்பதும், அதைப் பிள்ளைகள் செய்யலாம் என்பதும் இயக்கம் வந்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

அடுத்து தாய்மார் மனமாற்ற முகாம். மனம் மாற வேண்டிய தாய் ஊரில் ஒருத்திதான். ஆனால் முப்பது பேருக்குக் குறைந்தால் முகாம் நடத்த விதி இல்லை. ஆகவே ஏற்கெனவே மனம் மாறியிருந்த இருபத்தொன்பது பேரைக் கூட்டிவந்து பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்து, டீயும் பன்னும் கொடுத்தார்கள். பூங்குழலிக்கு முன்வரிசையில் தனி நாற்காலி. பக்தவச்சலம் மனம் திறந்து பேசினார்.

“தாய்ப்பாசம் இருக்குதே, அதுதான் கல்விக்கு முதல் எதிரி. என் பையனையே எடுத்துக்குங்க. ஆறாவதுலயே நாமக்கல் ஹாஸ்டல்ல போட்டுட்டேன். வருஷத்துக்கு ரெண்டு தடவ போய்ப் பாப்பேன். முதல் வருஷம் காலைப் புடிச்சுக்கிட்டு அழுதான். ரெண்டாவது வருஷம் கண்ணு மட்டும் கலங்குச்சு. இப்பப் போனா, ‘வாங்க சார்’ங்கறான். அப்பாவையே சார்ங்கறான்! அந்த அளவுக்கு டிசிப்ளின்.”

எல்லாரும் கைதட்டினார்கள். தட்டும்போது பூங்குழலி அவர் முகத்தைப் பார்த்தாள். ‘சார்’ என்று சொன்ன இடத்தில் அவர் தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமலே கீழே வைத்திருந்தார். அவளுக்கு எழுந்துபோய் அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. என்ன என்று தெரியாததால் பன்னைத் தின்றாள்.

சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆதிமூலம் ஒரு தாளோடு வந்தார். பூங்குழலி மேடையில் வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டிய உறுதிமொழி.

“நாளைக்கு இது ஒண்ணுதாம்மா. மாவட்ட அதிகாரி வர்றாரு. போட்டுட்டேன்னா பலகை நட்டுடுவாங்க. அப்புறம் இந்த ஊர் பக்கம் ஒருத்தனும் வர மாட்டான். புள்ளைங்க ஸ்கூலுக்கு வந்தாலும் சரி, வரலைன்னாலும் சரி, நான் கேக்கப்போறது இல்ல.”

“போடலைன்னா சார்?”

ஆதிமூலம் குரலைத் தாழ்த்தினார். “அந்த ஃபோட்டோ ஃபைல்ல ஏறிடுச்சும்மா. மீட்டாச்சுன்னா அது சாதனை. மீக்கலைன்னா, பெத்த புள்ளைங்களையே உப்பளத்துல வேலை வாங்கறான்னு உன் வூட்டுக்காரர் பேர்ல கேஸு. பாத்திக் குத்தகையும் போயிடும்.”

அவர் போனதும் ஜெயப்பிரகாஷ், “போட்டுடு குழலி. ஒரு கையெழுத்துதானே. பசங்க நம்மகூடவே இருக்கலாம். இதவுட இன்னா வேணும்?” என்றான்.

அவன் சொன்னது சரிதான். அவள் இரண்டு வருஷமாக எதற்குப் பயந்தாளோ அதெல்லாம் ஒரு கையெழுத்தில் தீர்ந்துவிடும். தாளை மடித்து அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். திரும்பி வந்தபோது சத்யப்ரியா அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

“‘அறி...யாமையால் என் குழந்தை...களை உப்பள வேலைக்கு அனுப்பி, அவர்களின் உழைப்பில் வாழ்ந்து வந்தேன்.’” அவள் நிமிர்ந்தாள். “எப்பம்மா அனுப்புன?”

“அனுப்பல.”

“அப்ப ஏன் எழுதியிருக்குது?”

“சும்மா எழுதியிருக்காங்க.”

“நீ இதைப் படிக்கப் போறியா? எல்லார் முன்னாடியும்?”

தெரியாது என்று சொல்லலாம். அந்த வீட்டில் அது மதிப்புள்ள பதில். ஆனால் பூங்குழலிக்கு அது அப்போது வாயில் வரவில்லை. குழந்தை கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தாளைப் பழையபடி மடித்து வைத்தாள். அன்றைக்கு அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. அந்த மௌனம் பூங்குழலிக்குப் பழக்கமானது. மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போய்வந்த மூன்று மாதமும் வீட்டில் இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் பலகை, மேலே ஒரு நைலான் சேலை மூடியிருந்தது. கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடிந்ததும் மாவட்ட அதிகாரி பேசினார்.

“இந்தப் பாத்திமேட்டிலே பள்ளி செல்லாக் குழந்தைகள் இருந்தார்கள். நேற்றுவரை இருந்தார்கள். இன்று காலை பத்தரை மணி முதல் இல்லை! சிலர் கேட்கிறார்கள், சேர்ந்த குழந்தைகள் எல்லாம் வகுப்புக்கு வருகிறார்களா என்று. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிக்கொள்கிறேன். நாங்கள் சேர்க்கைப் பிரிவு. வருகை என்பது வேறு பிரிவு. அவர்கள் வேலையில் நாங்கள் தலையிடுவதில்லை. அதேபோல, கற்கிறார்களா என்பதற்கு இன்னும் பிரிவே தொடங்கவில்லை. தொடங்கியதும் அதிலும் நூறு விழுக்காடு அடைவோம்.”

கைதட்டல் முடிவதற்குள் ஆதிமூலம் மைக்கைப் பிடித்தார். “அடுத்ததாக, மீட்கப்பட்ட குழந்தைகளின் தாயார் அவர்கள்.”

பூங்குழலி மேடை ஏறினாள். பக்தவச்சலம் தாளைக் கொடுத்து, பேனாவை நீட்டினார். முன்வரிசையில் ராஜ்கமல் மிட்டாய்த் தாளை நக்கிக்கொண்டிருந்தான். சத்யப்ரியா நக்கவில்லை, மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் படிக்கலீங்க சார்,” என்றாள் பூங்குழலி.

“எழுத்து சின்னதா இருக்குதா? நான் சொல்றேன், கூடவே சொல்லுங்க.”

“இல்லீங்க. கையெழுத்தும் போடல.”

பக்தவச்சலம் மைக்கைக் கையால் மூடினார். முகத்தில் சிரிப்பு மாறவில்லை, எதிரே கூட்டம் இருந்தது. “அந்த ஃபோட்டோ வேற ஃபைலுக்குப் போயிடும்மா. வூட்டுக்காரரை நெனச்சுப் பாருங்க.”

“போவட்டுங்க. யாரு வந்து கேட்டாலும் அன்னிக்கு நடந்ததைச் சொல்றேன். மங்கம்மாவும் பாத்துச்சு.”

கீழே ஜெயப்பிரகாஷ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தான்.

மேடையில் இப்படி ஒரு பேச்சு நடப்பது நிகழ்ச்சி நிரலில் இல்லை. ஆதிமூலத்தின் கையில் நிகழ்ச்சி நிரல்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்து, இன்னொரு மைக்கில், “தாயார் அவர்கள் கண்ணீர் மல்க உறுதிமொழியில் கையொப்பமிட்டார்,” என்று வாசித்தார். கூட்டம் தட்டியது. மாவட்ட அதிகாரி கயிற்றை இழுத்தார். சேலை விழுந்தது. ‘இக்குடியிருப்பில் பள்ளி செல்லாக் குழந்தைகள் எவருமில்லை.’ மறுபடி தட்டினார்கள்.

எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. அவள் போடாத கையெழுத்தும் போட்டதாகிவிட்டது. ‘இனிமே நான் இறங்கிடலாம் போலிருக்கு’ என்று பூங்குழலி திரும்பியபோது ஸ்டூடியோக்காரர் மேடை ஓரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, மீட்டப்புறம் போடற ஃபோட்டோவுக்கு ஒரு ஸ்டில். பேனாவ அந்தப் பேப்பர் மேல வெச்ச மாதிரி நில்லுங்க, போதும். எழுத வேணாம். மூடிகூடக் கழட்ட வேணாம்.”

பக்தவச்சலம் பேனாவை மறுபடி நீட்டினார். இந்தத் தடவை அவர் குரலில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. “இது ஒண்ணும் கையெழுத்து இல்லம்மா. ஃபோட்டோதானே.”

கீழே சத்யப்ரியா பலகையை எழுத்துக் கூட்டிப் படித்து முடித்துவிட்டு, அம்மாவின் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“ஒரு செகண்டுதான்க்கா,” என்றார் ஸ்டூடியோக்காரர்.

“வேணாம்பா,” என்றாள் பூங்குழலி. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள்.